இடது பக்கம் அசையவில்லை

என் பேச்சு எப்போது முடியுமென்று இப்போதே கடிகாரம் பார்க்கும் தலைவர் அவர்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்த பெருமக்களே, பிள்ளைகளை மடியிலும் பெருமையை முகத்திலும் ஏந்தி வந்திருக்கும் தாய்மார்களே, தொட்டில் காக்கும் செவிலியர்களே, அனைவருக்கும் என் உளம் கனிந்த வணக்கம்.

நம் பச்சிளங்குழந்தைப் பிரிவுக்கு இரண்டாவது ஸ்கேன் கருவி வந்திருக்கிறது. குழந்தை மருத்துவன் என்ற முறையில் அதைப் புகழ்ந்து பேச அழைத்தார்கள். நான் என் தப்பைப் பற்றிப் பேசப் போகிறேன். தலைவர் நெளிகிறார், பரவாயில்லை.

பிறந்து இரண்டே நாளான ஆண் குழந்தை. உள்ளங்கையில் அடங்கும் நெஞ்சு. நுரையீரலில் கசிந்த காற்று வெளியேற வழியின்றி, அந்த நுரையீரலையே நசுக்கிக்கொண்டிருந்தது. காற்றில்லாமல் உயிர் போகும் என்று அறிவோம். காற்றாலேயே உயிர் போகும் என்று அறிவோமா? உதடு நீலம் பாய்ந்துவிட்டது. எக்ஸ்ரே படத்தை விளக்குப் பலகையில் மாட்டினேன். வலப்பக்கம் காற்று. அதை வெளியேற்ற ஊசியை எடுத்தேன்.

பழைய கருவியைக் குழந்தையின் நெஞ்சில் வைத்திருந்த ஸ்கேன் அம்மா குறுக்கிட்டார்.

"சார், வலது நுரையீரல் நல்லா அசையுது. இடதுதான் அசையல."

"படத்தைப் பாத்துட்டுத்தான் சொல்றேன். நீங்க உங்க வேலையப் பாருங்கம்மா."

"இதுதான் சார் என் வேலை. குத்தாதீங்க."

சிரிக்கிறீர்கள். அன்று எனக்கு ரத்தம் கொதித்தது. திரும்பிப் படத்தைப் பார்த்தேன். அவசரத்தில் படத்தைப் புறம் மாற்றி மாட்டியிருந்தேன், ஐயா. இருபது ஆண்டு அனுபவம், இடம் எது வலம் எது என்று தெரியாமல் நின்றது.

அதன்பின் கண் திரையில், கை நெஞ்சில். அவர் காட்டக் காட்ட, இடப்பக்கம் மெல்லிய குழாயைச் செலுத்தினேன். குழாயின் மறுமுனையை முக்கியிருந்த புட்டித் தண்ணீரில் காற்று குமிழ்குமிழாக வெளியேறியது. நுரையீரல் விரிந்தது, உதடு சிவந்தது, பிள்ளை வீறிட்டழுதது. எனக்கும் அழுகை வந்தது.

பெற்ற தாயிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னேன்.

"நீங்க சொல்லலேன்னா எங்களுக்குத் தெரியவே போறதில்லையே டாக்டர்" என்றார்.

"மறைக்க மனசு வரலம்மா. இனிமே என்னை நம்புவீங்களா?"

அவர் ஸ்கேன் அம்மாவை ஒரு பார்வை பார்த்தார். "நீங்க தப்புன்னா தப்புன்னு சொல்ல ஆள் பக்கத்துலயே இருக்காங்க, நீங்களும் கேக்குறீங்க. இனிமே நான் பயமில்லாம தூங்குவேன்" என்றார்.

புதிய கருவியை வாழ்த்துகிறேன். அதைப் பார்த்து என்னை மறுத்துப் பேசப்போகும் ஒவ்வொருவரையும் அதைவிட அதிகமாக வாழ்த்துகிறேன். பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு நன்றி, வணக்கம்.