இளமதியின் உயரம்

இந்த ஊரில் பிள்ளை வளர்ந்திருக்கிறதா என்று யாரும் அளந்து பார்ப்பதில்லை, இன்ஸ்பெக்டர். கன்னத்தைக் கிள்ளிப் பார்ப்பார்கள். சதை கைக்கு அகப்பட்டால் போதும், வளர்த்தி.

கொளஞ்சியம்மாளும் அப்படித்தான். எனக்குப் பக்கத்து வீடு. பீங்கான் பட்டறையில் கொலு பொம்மைக்கு அச்சு எடுக்கிறவள். மகள் இளமதிக்கு அப்போது எட்டு வயது, ஒல்லி. "எம் புள்ளைக்கு சதையே புடிக்கலீங்க சார். சத்து மாவு எதுனா இருந்தா குடுங்க" என்று வந்து நின்றாள். கொடுத்தேன்.

நான் கொழுப்பணுக்களை ஆராய்ந்தவன். கொழுப்பணு ஆவதற்கு முன் அது பெருகிக்கொண்டே இருக்கும் ஓர் இளம் செல். ஸ்டீராய்டு சேர்ந்த மருந்து பட்டால் பெருகுவதை விட்டுவிட்டுக் கொழுப்பைச் சேர்க்கத் தொடங்கும். வளர்ச்சிக்கான மரபணுக்களில் சில அடங்கும், சில எழும். நான்கு ஆண்டு கண்ணாடித் தட்டில் பார்த்துக் கட்டுரை எழுதினேன். தட்டில் நடப்பது உடம்பில் நடக்குமா என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். அந்த மண்டூகங்களுக்குப் பேராசிரியர் என்று பெயர்.

மாவில் அந்த ஸ்டீராய்டைக் கலந்திருந்தேன். மூன்றே மாதத்தில் இளமதியின் முகம் உருண்டது. தெருவே மெச்சியது. மாதாமாதம் என் வீட்டுச் சுவரில் நிறுத்தி அளந்தேன். இரண்டு ஆண்டில் வளர்ந்தது ஒன்றரை சென்டிமீட்டர். சூளையில் வெந்தால் பொம்மை எவ்வளவு சுருங்கும் என்று பார்த்து அச்சைப் பெரிதாக எடுக்கத் தெரிந்த தாய் அவள். இடுப்பைப் பிரித்துத் தைத்த பழைய பாவாடை மகளுக்கு இன்னும் கணுக்காலைத் தொடுவது அவளுக்கு உறைக்கவில்லை.

அடுத்து, மாவை நிறுத்தினால் மறுபடி வளர்கிறாளா என்று பார்க்க வேண்டியிருந்தது. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்காவிட்டால் உடம்பு தாங்காது என்பது எனக்குத் தெரியும். அப்படிக் குறைத்தால் விடை குழம்பும். ஒரே நாளில் நிறுத்தினேன்.

நாலாம் நாள் காய்ச்சல், வாந்தி. கொளஞ்சியம்மாள் காலி ஜாடியோடு ஓடி வந்தாள். "மாவு தீந்ததுலேர்ந்து புள்ள எழுந்திரிக்கவே இல்லீங்க. ஒரு கரண்டி இருந்தாலும் குடுங்க சார்." அலமாரியில் இருந்தது. இல்லை என்றேன். சிதம்பரம் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், சேத்தியாத்தோப்பில் பிள்ளைக்கு மூச்சு நின்றது.

மாவு கெடுதல் என்று தெரிந்தே கொடுத்தீர்களா என்று கேட்டீர்கள். என் மகள் தமிழினிக்கும் அதே வயது. அதே சுவரில் அவளையும் அளந்தேன். அதே இரண்டு ஆண்டில் பதினோரு சென்டிமீட்டர் வளர்ந்தாள். அவள் நாக்கில் அந்த மாவு படவிட்டதில்லை. பயந்து அல்ல. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பிள்ளை வேண்டுமே, அதற்காகத்தான்.