முப்பது முட்டைன்னா தப்பாம்

ராசிபுரத்திலிருந்து நாமக்கல் போகும் பஸ்ஸில், முன்சீட்டில் இரண்டு டீச்சர்கள். கணக்குக்குப் பயந்து பள்ளிக்கூடத்தை விட்டு ஓடியவன் நான், காதை மட்டும் நீட்டினேன்.

“சரியா எழுதுன புள்ளைங்களுக்கெல்லாம் ஆன்லைன் பரிச்சையில சைபருங்க!” என்றார் கணக்கு டீச்சர்.

“ஏனுங்க?”

“விடை வெறும் 30ன்னு ஏத்தி வெச்சேன். ‘30 முட்டை’ன்னு எழுதுனா மிசினு தப்புங்குது. அலகு எழுதாட்டி மார்க் இல்லைன்னு வகுப்புல மிரட்டுனதும் நாந்தானுங்க. எம்பேச்சக் கேக்காத வாலுங்க மட்டும் பாஸு.”

“அடுத்த தடவை எண் மட்டும் போடச் சொல்லிருங்க.”

“மாட்டனுங்க,” என்று போனை எடுத்துத் தட்ட ஆரம்பித்தார். “ சாயங்காலம் பெத்தவங்களுக்கு மார்க் போயிரும். அதுக்குள்ள சைபர் வாங்குன புள்ளைங்க எழுதுன ஒவ்வொண்ணையும் சரின்னு ஏத்தாம உடமாட்டேன்.”

“டீச்சர், நம்ம ஸ்டாப்பு போயிருச்சுங்க!”

“போவட்டுங்க. ஒருத்தி ‘30 நாட்டுக்கோழி முட்டை’ன்னு எழுதியிருக்கறா. அதையும் சேத்தோணும்.”