கம்மியான வைரஸுக்கு ஒரு பிரியாணி

வேலூரிலிருந்து ஆம்பூர் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஓர் அக்காவும் தம்பியும். தம்பிக்கு மாற்றுச் சிறுநீரகம், கொடுத்தவள் அக்கா.

"டெஸ்ட்ல அந்த வைரஸ் கம்மியாய்ட்ச்சுக்கா. எறங்குனதும் பிரியாணி வாங்கித் தர்றேன்."

"எதுக்குடா?"

"எங்க ஷூ கம்பெனில டேமேஜ் கம்மியானா ஸ்வீட் தருவாங்களே!"

"இது எல்லார் உடம்புலயும் சும்மா கெடக்குற வைரஸ். எதிர்ப்பு சக்தி ஏறுனாத்தான் கம்மியாவுமாம். ஏறுனா புது கிட்னியையே தாக்குமாம். அதான் டாக்டர் என்னைத் தனியா கூப்ட்டுக் கேட்டாரு."

"இன்னா கேட்டாரு?"

"அந்த சக்தியை அடக்கி வெக்கிற மாத்திரையை ஒழுங்கா போடறானான்னு."

தம்பி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"மூஞ்சியத் திருப்பாத. கிட்னி என்னுது. உன் வைரஸ்கூட என் பக்கம்தான் பேசுது."

தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினாள்.