குழியிலிருந்து தூக்கியவன்

பதுளை பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் ஜௌபர் நானா கடையில் ஆட்டுக்கறி நன்றாக இருக்கும். துண்டுகள்தாம் கொஞ்சம் பெரிது. அதை நான் பலமுறை அவரிடம் சொல்லியிருக்கிறேன் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர் ஐயா.

வீரய்யாவும் நானும் ஞாயிற்றுக்கிழமைதோறும் அங்கேதான் சாப்பிடுவோம். நமுனுகுலப் பக்கம் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில், ஒரே லயத்தில், அடுத்தடுத்த காம்பரா அறைகளில் பிறந்தவர்கள். அவன் தொழிற்சங்கத் தலைவராகி, சமாதான நீதவானாகி, போகிற மேடையிலெல்லாம் ஒரு பட்டம் வாங்கிக்கொண்டே போனான். அவனுடைய விசிட்டிங் கார்டில் பெயரைத் தேடித்தான் எடுக்க வேண்டும். நான் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்து ஓய்வு பெற்றவன். இன்னமும் என்னை டொக்டர் என்கிறார்கள். நான் மறுத்ததில்லை.

சின்ன வயதில் லயத்துக் கக்கூஸ் குழியில் விழுந்தேன். பலகை உளுத்திருந்தது. வீரய்யாதான் தூக்கினான். நான் நன்றி மறக்கவில்லை. மறக்க அவன் விட்டால்தானே. கடைக்குள் யார் நுழைந்தாலும் சோற்றைப் பிசைந்துகொண்டே ஆரம்பிப்பான். "இந்தா ஒக்காந்திருக்காரே டொக்டரு, இவர எங்கருந்து தூக்குனேன்னு கேளுங்க." கேட்பார்கள். கழுத்துவரை என்பான். சில ஞாயிறுகளில் அது மூக்குவரை ஏறும். ஒரு தடவை தூக்கினான். வாராவாரம் திரும்ப இறக்கினான்.

போகாமல் இருந்து பார்த்தேன். வீட்டு வாசலுக்கே வந்து, "உசுரு குடுத்தவன்கூட ஒரு வாய் சோறு திங்க ஒனக்கு நேரமில்லையாடா?" என்று தெருவுக்கே கேட்கும்படி கேட்டான். அக்கம்பக்கத்தார் அவன் பக்கம். மறுவாரம் போனேன்.

அந்த ஞாயிறு, என் மகளின் கல்யாணத்துக்கு முந்திய ஞாயிறு. சம்பந்தி வீட்டார் அப்புத்தளைக்காரர்கள், கௌரவம் பார்ப்பவர்கள்.

"மேடையில மொதல்ல நான்தான்டா பேசுவேன்," என்றான்.

"வாழ்த்து மட்டும் சொல்லு. அந்தக் கதை வேணாம்."

"அட, அதுதான்டா வாழ்த்தே. நான் தூக்கலேன்னா நீ ஏது, பொண்ணு ஏது, கல்யாணம் ஏது? மாப்பிள வீட்டுக்காரங்களும் தெரிஞ்சுக்கிறட்டும்."

சிரித்தான். வாயில் கறி இருந்தது.

துண்டு தொண்டையில் அடைத்தது, இருமல் வரவில்லை. இருமினால் பயமில்லை, சத்தமே வராவிட்டால்தான் ஆபத்து. பின்னால் நின்று, விலாவுக்குக் கீழே கைகோத்து, உள்ளும் மேலுமாக அழுத்த வேண்டும். காலையில் பேர் கொடுக்கப் பெரட்டுக்குக் கூடும் கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு வருஷாவருஷம் நான் சொல்லிக்கொடுத்ததுதான் அது.

எழுந்துபோய் அவன் உச்சந்தலையில் மெதுவாகத் தட்டினேன். புரையேறினால் நம்மவர்கள் செய்வதுதானே.

"யாரோ நெனைக்கிறாங்கப்பா," என்றேன்.

பக்கத்து மேசையில் சிரித்தார்கள். "தலைவர நெனைக்க ஆளா இல்ல," என்றார் ஒருவர்.

வீரய்யா என் மணிக்கட்டைப் பிடித்தான். குழியில் பிடித்த அதே பிடி.

ஜௌபர் நானா ஓடிவந்தார். "என்ன டொக்டர், மொகமெல்லாம் நீலம் பாரிக்குது. முதுகுல குத்தவா?"

"வேணாம் நானா. புரைதான். கூட்டம் போடாம காத்து விடுங்க."

டொக்டர் சொன்னால் கேட்பார்கள். எல்லோரும் மரியாதையாகத் தள்ளி நின்றார்கள். பிடி தளரும்வரை நான் தட்டிக்கொண்டிருந்தேன்.

மரண அறிவித்தலில் பட்டங்கள் போக, செத்துப்போன செய்திக்கு ஒரு வரிதான் மிஞ்சியது. இரங்கல் கூட்டத்தில் பேசியவர்கள் அத்தனை பேரும் குழியில்தான் ஆரம்பித்தார்கள். முன்வரிசையில் என் சம்பந்தி கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார். பிறகு அதை மெல்ல மூக்குக்குக் கொண்டுபோனார். கல்யாணம் தள்ளிப்போயிருக்கிறது. துக்கத்துக்காகத்தான் என்கிறார்.

போன வாரம் சங்கத்தார் வந்தார்கள். லயத்துக்குப் பக்கத்தில் வீரய்யாவுக்குச் சிலை வைக்கிறார்களாம். குனிந்து கை நீட்டுவதுபோல் சிலை. கீழே குழிக்குள் ஒரு பையன். பையனுக்கு முகம் வேண்டும், சின்ன வயதுப் போட்டோ இருக்கிறதா என்று கேட்டார்கள்.

அதனால்தான் உங்களிடம் வந்தேன். மனசாட்சி உறுத்தியது என்று எழுதிவிடாதீர்கள். கொன்றவன் முகத்தைச் சிலையில் வைக்க மாட்டார்கள், அவ்வளவுதான்.

மற்றபடி, கடைசியாக நான் அவனிடம் சொன்னதில் பொய்யில்லை. ஒருவர் அவனை நினைத்துக்கொண்டுதான் இருந்தார். தலைக்குமேல் நின்று, கையால் தட்டியபடியே.