மூணாவது கோட்டிங்

— கறை மறுபடியும் வந்துடுச்சுக்கா. அதே அலமாரிக் கதவு, அதே இடம். காலையில பால் மாதிரி இருந்தது, இப்ப பாருங்க, பழுப்பு!

— அது மேலயே இன்னொரு கை அடிங்க பெயிண்டர். அஞ்சு மணிக்கு என் வீட்டுக்காரர் வந்துடுவார். நாளைக்கு வீட்டை வாங்கறவங்க வர்றாங்க. கறை கண்ணுல படக் கூடாதாம்.

— சொன்னாக் கேளுங்க. இது வெனீர் கதவு, பலகை மேல ஒட்டின மரத்தோல். பெயிண்ட் ஈரம் பட்டா மரச்சாயம் மேல ஏறும். அதனாலதான் முதல்ல அரக்கு பூசி அடைச்சேன். அதைத் தாண்டி எதுவும் வராது. என் சர்வீஸ்ல பார்த்ததில்லை.

— பெரிய சர்வீஸ்! மீசையே இப்பத்தான் முளைச்சிருக்கு.

— கிண்டல் பண்ணுங்க. மரச்சாயம் மர ரேகையோட நீளத்துக்கு ஓடும். இது குறுக்கால நிக்குது. அஞ்சு விரல் கணக்கா.

— ஃபேனைப் போடுங்க. காஞ்சா சரியாயிடும்.

— அக்கா, இந்தச் சுவர் அலமாரிக்கு முன்னாடி வெள்ளை அடிச்சது யாரு?

— யாரோ. ஞாபகம் இல்லை.

— எங்கண்ணன்.

— உளறாதீங்க.

— கீலைக் கழட்டினேன். அடியில பென்சில் எழுத்து. எந்த வேலைன்னாலும் கீல் பூட்டற இடத்துல தேதி போட்டு, எத்தனை கோட்டிங்கோ அத்தனை கோடு இழுப்பான். ஒவ்வொண்ணா முடிய முடிய அடிச்சுவிடுவான். இது அவன் காணாமப் போன அன்னிக்குத் தேதி. நாலு வருஷமா தேடறோம்.

— வேலையை முடிச்சுட்டுப் போனவர் எங்க போனாரோ...

— முடிக்கலைக்கா. மூணு கோடு இருக்கு, ரெண்டுதான் அடிபட்டிருக்கு. கடைசிக் கோடு அடிக்காம கீலை மாட்டவே மாட்டான். இதை மாட்டினது வேற கை. திருகாணி எல்லாம் கோணல்.

— என் கைதான்.

— அக்கா?

— நடுங்கிச்சு. அதான் கோணல்.

— என்ன நடந்தது?

— அன்னிக்கும் இதே பழுப்புதான். ரெண்டு கோட்டிங் அடிச்சும் ஏறி வந்துச்சு. இன்னொண்ணு அடிக்கணும், காய விடுங்கன்னார் உங்கண்ணன். ஏமாத்தறியான்னு இவர் பிடிச்சுத் தள்ளினார். சுவத்து மூலையில தலை...

— அப்புறம்?

— பெயிண்டர் ஆயிரம் பேர் இருக்க, உங்களை விசாரிச்சுக் கூப்பிட்டது எதுக்குன்னு நினைச்சீங்க? சொல்ல எனக்கு வாய் வரலை. கதவே சொல்லட்டும்னு விட்டேன்.

— எங்க அவன்?

— அலமாரி வெளியில ரெண்டடி ஆழம். உள்ள அளந்து பாருங்க தம்பி, ஒரு அடிதான். பின்பலகை அப்புறமா வச்சது.

— ஐயோ... அப்ப இந்தக் கறை?

— மூணாவது கோட்டிங். நாலு வருஷமா உங்கண்ணன் உள்ள இருந்து அடிச்சுட்டிருக்கார்.