வால்மேல் பாரம்

சண்டைக் காலம். கடலூர் பஸ்ஸைப் பிரெஞ்சு எல்லைச் சாவடியில் நிறுத்திப் பெட்டிகளைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். வரிசையில் எனக்கு முன்னால் காக்கி உடுப்பில் ஒரு விமானப்படை ஃபிட்டர், பக்கத்தில் வழியனுப்ப வந்த மனைவி.

"புது சண்டை ப்ளேன் வந்துக்குது. நாளன்னிக்கு சோதிக்கிறாங்கோ. நான் அது வால்மேல உக்காரணும்," என்றான் அவன்.

"வால்மேலயா? எதுக்கு?"

"தரையில நிக்கவச்சு இன்ஜின முழுசா முடுக்கினா வாலு தூக்கிக்கும், மூக்கு மண்ணுல குத்திக்கும். அதுக்குத்தான் பாரம்."

"சேத்துல மாடு இழுக்கிற பரம்புப் பலகைமேல நான் ஏறி நிக்கிறனே, அந்த மாதிரியா? நீ எறங்கறதுக்குள்ள பைலட்டு கெளம்பிட்டா?"

"போன மாசம் ஒருத்தன அப்பிடித்தான் இழுத்துக்கினு போயிடுச்சு. காலு போச்சு."

அவர்கள் முறை வந்தது; அவள் பெட்டியைத் திறந்து வைத்தாள்.

"போவாதன்னு சொல்ல மாட்டேன். மாடாவது திரும்பிப் பாக்கும். பைலட்டு பாப்பானா?"

"பாக்க மாட்டான்."

"அப்ப எறங்கினதும் நீ முன்னால போயி நில்லு. உன் மூஞ்சியப் பாத்துட்டு அப்பறமா அவன் கெளம்பட்டும்."

"அப்பிடியெல்லாம் வழக்கமில்லடி."

சோதித்து முடித்த பெட்டியை மூடி அவன் கையில் கொடுத்தாள்.

"நீ போயி நில்லு மாமா. வழக்கமாயிடும்."