ஈட்டி மரத்துக்கு எந்தத் தோல்

மச்சான்: அந்தக் கருப்பைக் கீழ வைங்க மாப்ள. உங்க பில்லியர்ட்ஸ் ஸ்டிக்கு ஈட்டி மரம், அதுவே கருஞ்சிவப்பு. அதுல கருப்புத் தோலைச் சுத்துனா மரம் எங்க முடியுது, பிடி எங்க ஆரம்பிக்குதுன்னே தெரியாது.

மாப்பிள்ளை: தெரியாட்டி என்ன, பந்து கோவிச்சுக்கவா போகுது?

மச்சான்: அழகா இருக்கணும், அழகா இருக்கணும்னு வந்ததுலேர்ந்து சொல்றது யாரு? நானா?

தங்கச்சி: கல்யாணச் சட்டைக்குக் கூட இவ்வளவு நேரம் நிக்கல அண்ணே. கடைக்குள்ள போனாரு, எடுத்தாரு, வந்துட்டாரு.

மாப்பிள்ளை: அது ஒரு நாள் சட்டை.

தங்கச்சி: நல்லா சொன்னீங்க. கல்யாணம்?

மச்சான்: நீ சும்மா இரு, உன் பஞ்சாயத்தை வீட்ல வச்சுக்க. இங்க பாருங்க மாப்ள, மாதிரிக்குச் சுத்தி வச்ச பிடி, தேன் கலர். கன்னுக்குட்டித் தோல். மரத்துல வெளிறுன வரி ஒண்ணு ஓடுதில்ல? அதோட அண்ணன் தம்பி மாதிரி சேரும்.

மாப்பிள்ளை: நல்லாருக்கு.

மச்சான்: கையில எடுக்காமயே நல்லாருக்கா?

மாப்பிள்ளை: சரி, எடுத்துட்டேன். நல்லாருக்கு.

மச்சான்: இது மேல கட்டம் கட்டமா அச்சுப் போட்டது. பல்லி முதுகு மாதிரி இருக்கும்.

மாப்பிள்ளை: இதுவும் நல்லாருக்கு.

மச்சான்: இது ஆட்டுத் தோல்.

மாப்பிள்ளை: அதுவும் நல்லாத்தான்... கலர்தான் உதைக்குது. மஞ்சளாவும் இல்ல, செங்கலாவும் இல்ல. இந்த மரத்துக்குப் பக்கத்துல வச்சா கடன் வாங்குன தோல் மாதிரி இருக்கும். தள்ளுங்க.

மச்சான்: உடம்புக்கு எதுவும் சரியில்லையா மாப்ள?

மாப்பிள்ளை: ஏன்?

மச்சான்: போன தடவை சுத்திக் குடுத்த ஸ்டிக்கை நூல் ஒரு இழை தூக்குதுன்னு திருப்பி அனுப்புனீங்க. சரி பண்ணேன். பசை வழியுதுன்னு மறுபடி அனுப்புனீங்க. என்கிட்ட வாங்குனதுல நீங்க குறை சொல்லித் திருப்பி அனுப்பாதது என் தங்கச்சி ஒருத்திதான்.

தங்கச்சி: அனுப்பலையே தவிர, குறைக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல.

மச்சான்: அப்படிப்பட்ட ஆளு இன்னிக்கு எதைக் குடுத்தாலும் நல்லாருக்கு, நல்லாருக்குன்னா எங்கயோ இடிக்குது.

மாப்பிள்ளை: வயசாச்சு மச்சான். பொறுமை வந்துடுச்சு. அந்தத் தேன் கலரையே சுத்துங்க, ஞாயித்துக்கிழமை ஆட்டம்.

மச்சான்: அதுக்குத்தான் சொல்றேன். கண்ணாடிக் கதவுல வலது கை கிழிஞ்சதுக்கப்புறம் நீங்க ஆடற முதல் ஆட்டம். ஜெயிச்சா கிளப்புல கோச் வேலை. இதுல போய் அவசரமா? கண்ணை மூடுங்க.

மாப்பிள்ளை: எதுக்கு?

மச்சான்: மரத்தைக் கண்ணு பாக்கட்டும். தோலைக் கைதான் சொல்லணும். ஆடும்போது பிடிக்கற மாதிரி விரல் நுனியில மட்டும் பிடிங்க.

மாப்பிள்ளை: சின்னப் புள்ளை விளையாட்டு...

தங்கச்சி: மூடுங்க. இருங்க, நானே பொத்திக்கறேன். ஓரக்கண்ணால பாக்கற ஆளு நீங்க.

மச்சான்: இந்தாங்க. இது எப்படி?

மாப்பிள்ளை: ம்... மெத்துன்னு இருக்கு. கன்னுக்குட்டித் தோல்தானே?

மச்சான்: நல்லாப் பிடிச்சுப் பாத்துச் சொல்லுங்க.

மாப்பிள்ளை: பிடிச்சுட்டேன். வழுக்கல, வேர்வையும் தாங்கும். இதுதான், முடிச்சுடுங்க.

மச்சான்: அவர் கண்ணுலேர்ந்து கையை எடும்மா. தோலே சுத்தல மாப்ள. வெறும் மரம். எவ்வளவு நாளா விரல்ல உணர்ச்சி இல்ல?

மாப்பிள்ளை: தையல் பிரிச்ச அன்னிலேர்ந்து. பெருவிரல், அதுக்கடுத்தது, நடுவிரல்... மூணும் கட்டை மாதிரி. நரம்பைச் சேத்தாச்சு, உணர்ச்சி மெதுவா வரும், வராமயும் போகலாம்னு டாக்டர் சொன்னாரு.

மச்சான்: இவகிட்ட சொல்லலையா?

மாப்பிள்ளை: வந்துடுச்சுன்னு சொல்லிட்டேன். ஆஸ்பத்திரி வராந்தாவுல இவ அழுததை நீங்க பாக்கல மச்சான். மறுபடி அதைப் பாக்க என்னால ஆகாது.

தங்கச்சி: ம்.

மாப்பிள்ளை: கோவமா?

தங்கச்சி: சொல்லுங்க. கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்.

மச்சான்: அப்போ பயிற்சி பயிற்சின்னு கிளப்புக்குப் போனது?

மாப்பிள்ளை: போனேன். ஆடுனேன். கண்ணாலதான். ஸ்டிக்கு கையில சரியா இருக்கான்னு ஒரு பார்வை, பந்தை ஒரு பார்வை. அப்படி ஆட முடியுமா சொல்லுங்க? மெதுவாத் தொட வேண்டிய பந்தை ஓங்கித் தள்ளிடறேன். அதான்... ஸ்டிக்காவது பளிச்சுன்னு இருந்தா எல்லாரும் அதைப் பாப்பாங்க, என் கையைப் பாக்க மாட்டாங்கன்னு நினைச்சேன்.

மச்சான்: அடப் பாவி மனுஷா.

மாப்பிள்ளை: ராவும் பகலும் இதே பயம்தான். இந்த வேலையைத் தவிர எனக்கு ஒரு மண்ணும் தெரியாது மச்சான். போதும், கிளப்புல சொல்லிடறேன். கோச் வேலையை வேற யாருக்காவது குடுக்கட்டும்.

மச்சான்: அதை அப்புறம் பேசலாம். முதல்ல மேசையை ஒழிப்போம். உங்க பக்கம் கிடக்கற பிடியை எல்லாம் ஒவ்வொண்ணா நீட்டுங்க.

மாப்பிள்ளை: இந்தாங்க... நீ ஏன் அந்தப் பக்கம் திரும்பி நிக்கற? இந்தாங்க... திட்டறதுன்னா திட்டிடேன், இப்படி வாயை மூடிட்டு நின்னா நான் என்னன்னு... ச்சே, என்ன மச்சான் இது, தையல் குத்துது.

மச்சான்: என் தையலா? அதெல்லாம் குத்தவே குத்தாது.

மாப்பிள்ளை: குத்துதுங்கறேன். ரெண்டு ஓரமும் சேர்ற இடத்துல துருத்திக்கிட்டு நிக்குது. இவ்வளவு நாள் தொழில் பண்றீங்க, இதைத் தட்டிச் சமன் பண்ணக் கூடாதா?

தங்கச்சி: என்னங்க...

மாப்பிள்ளை: நீ அண்ணனுக்குப் பரிஞ்சுக்கிட்டு வராத.

தங்கச்சி: எது குத்துதுன்னு சொன்னீங்க?

மாப்பிள்ளை: தையல்தான்...

மச்சான்: எந்தக் கையில பிடிச்சிருக்கீங்க மாப்ள?

தங்கச்சி: வலது கை அண்ணே. நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். வலது கை.

மச்சான்: கண்ணை மூடுங்க. பொத்தும்மா. இப்ப நான் பிடியைச் சுத்தறேன். தையல் விரலுக்கு வந்தா சொல்லுங்க.

மாப்பிள்ளை: இல்ல... இல்ல... இப்பவும் இல்ல... இதோ. இதுதான்.

மச்சான்: மறுபடி.

மாப்பிள்ளை: இல்ல... இதோ.

மச்சான்: எந்த விரல்?

மாப்பிள்ளை: நடுவிரல் நுனி. மத்த ரெண்டும் இன்னும் கட்டைதான். ஆனா இது... உள்ள எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு மச்சான். நான் சும்மா நினைச்சுக்கலையே?

மச்சான்: ரெண்டு தடவையும் தையல் மேலதான் நிறுத்துனீங்க. போதுமா?

மாப்பிள்ளை: கையை எடு. எவ்வளவு நேரம் பொத்துவ?

தங்கச்சி: இருங்க. என் மூஞ்சியைத் தொடச்சுக்கறேன்.

மச்சான்: நீங்க எதைப் பிடிச்சிருக்கீங்கன்னு பாத்தீங்களா? ஆட்டுத் தோல். கடன் வாங்குன தோல்னு தள்ளுனீங்களே, அது.

மாப்பிள்ளை: இதையே சுத்துங்க.

மச்சான்: ஈட்டி மரத்துக்கு இந்த ரெண்டுங்கெட்டான் கலரா? பாக்கறவன் என்னைத்தான் கேப்பான், உனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சான்னு.

மாப்பிள்ளை: கேட்டா என் பேரைச் சொல்லுங்க. இன்னொண்ணு, தையலைச் சமன் பண்ணாதீங்க. நடுவிரல் உக்கார்ற இடத்துக்கு நேரா வரட்டும்.

மச்சான்: தையல் இருக்கறதே தெரியாம சுத்தறதுதான்யா என் தொழில்.

மாப்பிள்ளை: எனக்குத் தெரியணுமே. விரல் தையல் மேல இருந்தா ஸ்டிக்கு திரும்பல, நழுவலன்னு அர்த்தம். அப்புறம் கண்ணு பந்தை மட்டும் பாத்தாப் போதும்.

மச்சான்: ...ஞாயித்துக்கிழமை ஆடறீங்களா அப்போ?

மாப்பிள்ளை: ஆடறேன். விரலைப் பத்தி கிளப்புல சொல்லிட்டே ஆடறேன். தோத்தா தோத்துட்டுப் போறேன், ஒளிச்சு ஒளிச்சு ஆடறதுக்கு அது எவ்வளவோ மேல். ஆனா ஒண்ணு மச்சான்... வெறும் மரத்தைக் கையில குடுக்கணும்னு உங்களுக்கு எப்படித் தோணுச்சு?

மச்சான்: எனக்கு எங்க தோணுச்சு? நேத்து இவதான் வந்து சொல்லிட்டுப் போனா. இனிமே அவர் வாயால வரட்டும்னா.

மாப்பிள்ளை: நீயா? உனக்குத் தெரியுமா?

தங்கச்சி: கொதிக்கற பாத்திரத்து மூடியை அந்த மூணு விரலால சாவகாசமா எடுத்து வச்சீங்களே, அன்னிக்கே தெரியும். மறுநாளே டாக்டரைப் போய்ப் பாத்துட்டு வந்துட்டேன்.

மாப்பிள்ளை: தெரிஞ்சுமா தினம் சாயங்காலம் என் உயிரை எடுத்த? பர்ஸ் தைக்கணும், கண்ணை மூடித் தடவிப் பாத்து, சொரசொரப்பு ஒரு பக்கம் வழவழப்பு ஒரு பக்கமா தோல் துண்டைப் பிரிச்சுக் குடுங்கன்னு...

தங்கச்சி: எந்தப் பர்ஸு? எனக்கு ஊசியில நூல் கோக்கத் தெரியுமான்னு அண்ணனைக் கேளுங்க. தினமும் விரல்ல எதையாவது மாத்தி மாத்தித் தொட வைங்க, நரம்பு மறுபடி கத்துக்கும்னு டாக்டர் சொன்னாரு. உங்களுக்கா, சொன்னா ரோஷம் பொத்துக்கிட்டு வரும். நீங்க எனக்குத் தெரியக் கூடாதுன்னு மறைச்சீங்க, நான் உங்களுக்குத் தெரியாமயே வைத்தியம் பாத்தேன். எழுந்திரிங்க, மீதி ரெண்டு விரலுக்கு வீட்ல இன்னும் ஒரு கூடைத் துண்டு கிடக்கு.